பசிக்கு உத்தரவு போடுவது யார்?

நம் வீடுகளில் ஒரு பெண் பருத்துவிட்டால், தீர்ப்புச் சொல்ல நீதிபதிகளுக்குப் பஞ்சமே இல்லை. மாமியார், நாத்தனார், எதிர் வீட்டு மாமி, வருஷத்துக்கு ஒரு முறை கல்யாணப் பந்தியில் சந்திக்கும் ஒன்றுவிட்ட சித்தப்பா – எல்லோரும் சொல்வது ஒரே தீர்ப்புத்தான்: “வாயைக் கட்டத் தெரியவில்லை!” குற்றவாளியும் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமாம், எனக்கு மனக் கட்டுப்பாடு போதாது” என்று ஒப்புக்கொண்டு விடுகிறாள். இந்த வழக்கில் சாட்சி விசாரணை கிடையாது, அப்பீலும் கிடையாது.

ஆனால் சில வழக்குகளிலாவது கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டிய ஆசாமி வேறொருவர் இருக்கிறார். அவர் நம் உடம்புக்குள்ளேயே குடியிருக்கிறார். ஒரு நாளைக்குச் சில மில்லிகிராம் அளவில்தான் சுரக்கிறார். அவர் பெயர் கார்ட்டிஸால். அவருடைய நெருங்கிய உறவினர்கள் மருந்துக் கடையில் மாத்திரையாகவும், ஊசியாகவும், களிம்பாகவும் கிடைக்கிறார்கள். ‘ஸ்டீராய்டு’ என்று நாம் பொதுவாகச் சொல்வது இவர்களைத்தான்.

ஆஸ்துமா, மூட்டு வாதம், தோல் வியாதி, சிறுநீரக வியாதி என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக ஸ்டீராய்டு மாத்திரை வந்து போகாத குடும்பம் மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ அதிகம் இராது. அது வந்த வீட்டில், இரண்டொரு வாரத்தில் ஒரு விசித்திரம் நடக்கும். அரை வயிற்றுக்குச் சாப்பிட்டுக் கொண்டிருந்தவர் ஆறு இட்டிலிக்குப் பிறகும் அடுக்களையை எட்டிப் பார்ப்பார். ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து பிஸ்கட் டப்பாவைத் தேடுவார். மருந்து இப்படியா பசியைக் கிளப்பும்? கிளப்பும்! எப்படி என்பதுதான் கதை.

தலைப்பாகை கட்டிய சுரப்பிகள்

நம் சிறுநீரகங்கள் இரண்டின் தலையிலும் ஒரு சின்னத் தலைப்பாகை மாதிரி உட்கார்ந்திருப்பவை அட்ரினல் சுரப்பிகள். ஒவ்வொன்றும் சுமார் நாலைந்து கிராம் எடை. இந்தச் சுரப்பியின் மேல் தோல் போன்ற பகுதியில், கொலஸ்டிரால் என்ற கொழுப்பிலிருந்து கார்ட்டிஸால் தயாராகிறது. பெண்களின் ஈஸ்டிரோஜென், ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களும் இதே ஸ்டீராய்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். விளையாட்டு வீரர்கள் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டு அகப்பட்டுக் கொள்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பத்தில் இன்னொரு கிளை. ஆனால் குணம் வேறு. ஒரே குடும்பத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரியா இருக்கிறார்கள்?

கார்ட்டிஸாலுக்குக் கடிகாரம் தெரியும். மயிலைக் கோயிலில் விடியற்கால மணி அடிக்கும் முன்பே அது ரத்தத்தில் ஏற ஆரம்பித்துவிடும். கண் விழித்துக் காப்பிக்கு டிக்காஷன் இறக்கும் வேளையில் அது உச்சத்தில் இருக்கும். பிறகு படிப்படியாக இறங்கி, நடு இரவில் அடிமட்டத்துக்குப் போய்விடும். ‘எழுந்திரு, சர்க்கரையை ரத்தத்தில் விடு, வேலைக்குத் தயாராகு’ என்பதுதான் அது காலையில் கொடுக்கும் கட்டளை. ஆபத்து வந்தால், காய்ச்சல் வந்தால், அறுவை சிகிச்சை நடந்தால், அது பல மடங்கு அதிகமாகச் சுரந்து உயிரைக் காக்கிறது. கார்ட்டிஸால் அறவே இல்லாவிட்டால் மனிதன் பிழைக்க முடியாது. ஆகவே இவரை வில்லன் என்று தள்ளிவிட வேண்டாம். அளவோடு இருந்தால் வீட்டைக் காக்கும் காவல்காரர். அளவு மீறினால் வீட்டையே தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்ளப் பார்ப்பவர்!

இரண்டு பெண்களின் கதை

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை உலகம் முதலில் தெரிந்துகொண்டது ஓர் இளம் பெண்ணின் மூலமாக. அமெரிக்காவில் ஹார்வி குஷிங் என்ற பிரபல மூளை அறுவை நிபுணர், 1912-ல் வெளியிட்ட புத்தகத்தில் 23 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி எழுதினார். முகம் வட்டமாக வீங்கி, வயிறு பருத்து, கை கால்கள் மட்டும் மெலிந்து, தோலில் கருஞ்சிவப்புக் கோடுகள் ஓடியிருந்தன. மாதவிடாய் நின்று போயிருந்தது. இவளும் ‘தின்று கொழுத்தவள்’ என்ற பெயரை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பாளோ! மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் மிகச் சிறிய கட்டியே இப்படிப்பட்டவர்களின் வியாதிக்குக் காரணம் என்று 1932-ல் குஷிங் விளக்கினார். அந்தக் கட்டி அட்ரினலை ஓயாமல் தட்டி எழுப்புகிறது. அட்ரினல் கார்ட்டிஸாலை ஓயாமல் கொட்டுகிறது. இன்றும் அந்த வியாதிக்குக் குஷிங்கின் பெயர்தான்.

நம் கவிகள் ‘சந்திர வதனம்’ என்று கொண்டாடுவார்கள். டாக்டர்களும் ‘நிலா முகம்’ என்றே சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் சொன்னால் அது பாராட்டு இல்லை, வியாதியின் அடையாளம்!

இரண்டாவது பெண்ணின் கதை 1948-ல் நடந்தது. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற டாக்டர், மூட்டு வாதத்தால் படுத்த படுக்கையாகக் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு ஒரு புது மருந்தை ஊசி மூலம் ஏற்றினார். அதுதான் கார்ட்டிஸோன், உடலுக்குள் சென்றதும் கார்ட்டிஸாலாக மாறிவிடும் சகோதரச் சரக்கு. சில நாட்களுக்குள் அந்தப் பெண் எழுந்து நடந்தாள். கடைத் தெருவுக்கே போய் வந்தாள்! உலகமே வியந்தது. ஹென்ச்சும், அந்த மருந்தைப் பிரித்தெடுத்த கெண்டல், ரைக்ஸ்டைன் என்ற விஞ்ஞானிகளும் 1950-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஆனால் பரிசுக் கொண்டாட்டத்தின் நடுவிலேயே இன்னொரு செய்தியும் பரவியது. நீண்ட நாள் கார்ட்டிஸோன் போட்டுக்கொண்ட நோயாளிகளுக்குக் குஷிங் எழுதிய அதே முகம், அதே வயிறு, அதே கோடுகள்! கூடவே அடங்காத பசி. சிலருக்குக் காரணமில்லாத உற்சாகம், சிலருக்குச் சிடுசிடுப்பு, சிலருக்குத் தூக்கமே இல்லை. மருந்து மூட்டுக்கு மட்டும் போகவில்லை, மூளைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது விளங்கிற்று.

அடையாற்றுக் குழந்தைகள்

இந்தப் பசியை நேரில் பார்க்க அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் அடையாற்றில் தொடங்கிய கேன்ஸர் இன்ஸ்டிட்யூட்டைப் பற்றி நேயர்கள் அறிவார்கள். 1980-களில் அந்த ஸ்தாபனமும், பம்பாய் டாடா ஆஸ்பத்திரியும், டில்லி எய்ம்ஸும், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்துடன் சேர்ந்து, குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு ஒரே விதமான சிகிச்சை முறையைக் கையாண்டன. அந்த முறையில் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு ஒரு முக்கிய அங்கம். இன்றும் உலகெங்கும் அந்த வியாதிக்கான முதல் சில வாரச் சிகிச்சையில் ஸ்டீராய்டு தவறாமல் இருக்கிறது. ஏனென்றால் அது புற்றுநோய்ச் செல்களையே மடியச் செய்கிறது.

அந்த நாட்களில் குழந்தைக்கு ஏற்படும் பசி, தாய்மார்களைத் திகைக்க வைக்கும். நேற்று வரை ஒரு வாய்க்கு மறுத்த குழந்தை, சாப்பிட்டுக் கை அலம்பின சிறிது நேரத்தில் மறுபடி தட்டை நீட்டும். காரமும் உப்புமாகக் கேட்கும். கொடுக்காவிட்டால் அழுகை, கோபம். ராத்திரித் தூக்கத்திலும் தொந்தரவு. மாத்திரையை டாக்டர் நிறுத்தியதும், பசி மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வந்துவிடும். முகத்து உப்பலும் வடியும்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது அல்லவா? நாலு வயதுக் குழந்தையை ‘மனக் கட்டுப்பாடு இல்லாதது’ என்று யாராவது ஏசுவார்களா? குழந்தையின் சுபாவம் மாறவில்லை. மாறியது மூளையில் பசிக்கு உத்தரவு போடும் இடத்தின் ரசாயனம்.

மூளைக்குள் ஒரு சமையலறை

மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்று ஒரு சின்னப் பிரதேசம் இருக்கிறது. பாதாம் பருப்பு அளவுதான். அதற்குள் பசி சம்பந்தப்பட்ட இரண்டு கோஷ்டிகள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கின்றன. ஒரு கோஷ்டி ‘கொண்டா, கொண்டா!’ என்கிறது. மற்றது ‘போதும், போதும்!’ என்கிறது. பந்தியில் ‘இன்னும் கொஞ்சம் பாயசம்’ என்று வற்புறுத்தும் மாமாவும், இலையை மடித்துவிடச் சொல்லும் மாமியும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘கொண்டா’ கோஷ்டி உபயோகிக்கும் ரசாயனங்களில் முக்கியமானது நியூரோபெப்டைட் ஒய். 1982-ல் ஸ்வீடன் தேசத்தில் டாடெமோட்டோ, முட் என்ற இரு விஞ்ஞானிகள் இதைப் பிரித்தெடுத்தார்கள். இதில் துளி அளவை எலியின் மூளைக்குள் செலுத்தினால், வயிறு நிறைந்த எலியும் மறுபடி தின்ன ஆரம்பித்துவிடும். கார்ட்டிஸால் அதிகமாகும்போது இந்த ரசாயனத்தின் உற்பத்தி பெருகுகிறது. அதாவது பாயசம் பரிமாறும் மாமாவின் கையில் இன்னொரு அடுக்கைக் கொடுத்துவிடுகிறது!

‘போதும்’ கோஷ்டிக்குத் தகவல் அனுப்புவது லெப்டின் என்ற ஹார்மோன். அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் 1994-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். நம் உடலிலுள்ள கொழுப்பே இதைச் சுரந்து, ‘களஞ்சியம் நிறைந்திருக்கிறது, இனி வேண்டாம்’ என்று மூளைக்குச் சொல்லி அனுப்புகிறது. கார்ட்டிஸால் மிகுந்த உடலில் லெப்டின் குறைவாக இருப்பதில்லை. சொல்லப் போனால் அதிகமாகவே இருக்கும். ஆனால் மூளை அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ரங்கநாதன் தெருவில் தீபாவளிக் கூட்டத்தில் நின்றுகொண்டு, ‘போதும், வீட்டுக்குப் போகலாம்’ என்று கணவர் முணுமுணுப்பது யார் காதில் விழுகிறது? அந்தக் கதைதான்!

லெப்டின் சுரக்காத ஒரு வகைச் சுண்டெலிகள் பிறவியிலேயே பருத்துவிடுகின்றன. விஞ்ஞானிகள் அவற்றின் அட்ரினல் சுரப்பியை எடுத்துப் பார்த்தார்கள். பருமன் வெகுவாக அடங்கிற்று. அதே ஸ்டீராய்டை மறுபடி கொடுத்தார்கள். மறுபடி பருத்தன. பருமனுக்கும் இந்த ஹார்மோனுக்கும் உள்ள தொடர்புக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மூன்றாவது காரியம் ஒன்றும் உண்டு. மூளையில் ‘ஆசை’க்கு என்று தனிப் பாதை இருக்கிறது. அதில் ஓடும் ரசாயனம் டோபமைன். பசிக்குச் சாப்பிடுவது வேறு, ஆசைக்குச் சாப்பிடுவது வேறு. பசித்தவனுக்கு மோர் சாதமும் அமிர்தம்; ஆசை வந்தவனுக்கோ மிளகாய் பஜ்ஜிதான் வேண்டும், மைசூர்ப்பாகுதான் வேண்டும். ஓயாத கார்ட்டிஸால் இந்த ஆசைப் பாதையையும் உசுப்பி விடுகிறது. அதனால்தான் ஸ்டீராய்டுப் பசி கீரைக் கூட்டை நாடுவதில்லை. எண்ணெயும் இனிப்பும் உப்பும் கலந்த பண்டத்தையே தேடி ஓடுகிறது.

கவலையும் காராபூந்தியும்

“நான் மாத்திரை எதுவும் சாப்பிடவில்லையே, எனக்கு ஏன் சாயங்காலமானால் இப்படி?” என்று கேட்கும் சகோதரிகளுக்கும் இதில் பதில் இருக்கிறது.

பரீட்சை நாள் காலையில் பிள்ளை ஒரு வாய் இட்டிலி இறங்காமல் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். திடீர்ப் பரபரப்பு பசியை அடக்கும். பரீட்சை முடிந்து வந்ததும் அதே பிள்ளை அடுக்களையைக் காலி செய்துவிடும்! முதலில் மூளையிலிருந்து கிளம்பும் அவசரச் செய்தி பசியை நிறுத்துகிறது. அதற்குப் பின்னால் தாமதமாக வந்து, நெடுநேரம் தங்கும் கார்ட்டிஸால் பசியைத் தூண்டுகிறது. ஒரு நாள் பரீட்சை என்றால் பரவாயில்லை. படுத்திருக்கும் மாமனார், வேலை நிலைக்காத பிள்ளை, மாதக் கடைசி, ஆபீஸில் அதிகாரி என்று தினந்தோறும் பரீட்சை எழுதுகிறவளுக்கு?

அமெரிக்காவில் எலிஸா எபெல் என்பவரும் அவர் குழுவினரும் 59 பெண்களை வைத்து நடத்திய சோதனையை 2001-ல் வெளியிட்டார்கள். அந்தப் பெண்களுக்கு மனதைப் படபடக்க வைக்கும் சில வேலைகளைக் கொடுத்துவிட்டு, பிறகு தின்பண்டங்களை முன்னே வைத்தார்கள். படபடப்பின்போது கார்ட்டிஸால் அதிகமாக ஏறியவர்கள் எவரோ, அவர்களே அன்று அதிகமாகச் சாப்பிட்டார்கள். அதிலும் இனிப்பு வகைகளை. நம் ஊரில் இதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை, காராபூந்தி டப்பாவைக் கேட்டாலே சொல்லும் என்பீர்கள். உண்மைதான்!

தூக்கக் குறைவும் இதே வேலையைச் செய்கிறது. சிகாகோ சர்வகலாசாலையில் ஈவ் வான் கௌட்டர் குழுவினர் 11 வாலிபர்களை ஆறு இரவுகள் நாலு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டார்கள். மாலையில் இறங்கியிருக்க வேண்டிய கார்ட்டிஸால் இறங்காமல் நின்றது என்று 1999-ல் அவர்கள் அறிவித்தார்கள். அதே குழுவினர் 2004-ல் வெளியிட்ட இன்னொரு சோதனையில், இரண்டே இரவு தூக்கம் குறைந்ததும் பசி நூற்றுக்கு 24 பங்கு கூடிவிட்டது. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, இரவு பதினோரு மணிக்குப் பாத்திரம் கவிழ்க்கும் பெண்ணின் பசிக்கு எவ்வளவு பங்கு கூடும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதற்காக, ‘என் பருமனுக்கெல்லாம் கார்ட்டிஸாலே பொறுப்பு’ என்று ஒரேயடியாகக் கையைக் கழுவி விடவும் வேண்டாம். சாதாரணமாகப் பருத்திருப்பவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்தால், கார்ட்டிஸால் பெரும்பாலும் அளவாகவே இருக்கும். குஷிங் கண்ட கட்டியோ மிக அபூர்வம். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்குச் சிலருக்குத்தான் புதிதாக வருகிறது. உட்கார்ந்தே செய்யும் வேலை, மூன்று வேளை அரிசி, எண்ணெய்ப் பலகாரம், பாரம்பரியம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. அந்தக் கூட்டத்தில் கார்ட்டிஸாலும் ஒருவர். நாம் கவனிக்கத் தவறிய ஒருவர்.

ஏன் வயிற்றில்?

கார்ட்டிஸால் கொழுப்பைக் கண்ட இடத்தில் போடுவதில்லை. கை காலிலிருந்து எடுத்து, வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேர்க்கிறது. அந்த இடத்துக் கொழுப்புச் செல்களில் கார்ட்டிஸாலை வரவேற்கும் வாசல்கள் அதிகம். அங்கே ஒரு என்ஸைம், ஓய்வெடுத்துக் கொண்டிருக்கும் கார்ட்டிஸோனைத் தட்டி எழுப்பி, மறுபடி கார்ட்டிஸாலாக மாற்றவும் செய்கிறது. இந்த வயிற்றுக் கொழுப்புத்தான் சர்க்கரை வியாதிக்கும் இருதய வியாதிக்கும் வழி விடுகிறது.

நம் நகரத்துக்கு இது மிகவும் சம்பந்தப்பட்ட விஷயம். மதராஸ் டயபடீஸ் ரிஸர்ச் ஃபவுண்டேஷன் 2001-ல் தொடங்கி, சென்னையில் 26,001 பேரைக் கணக்கெடுத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. அதிலிருந்து 2009-ல் வெளியான ஒரு பகுதியில், சென்னைப் பெண்களில் நூற்றுக்கு 56 பேருக்கு வயிற்றுப் பருமன் இருந்ததாகக் கண்டது. ஆண்களில் 35 பேருக்கு. 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை உள்ளவர்கள்.

வீட்டில் தையல் டேப் இருக்கிறதல்லவா? கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் (அதுதான் முக்கியம்!) அளந்து பாருங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் எல்லை. அதைத் தாண்டியிருந்தால் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஒரு தரம் பார்த்துக்கொள்வது நலம்.

மாத்திரை வந்த வீட்டுக்கு

கார்ட்டிஸால் மிகுதியால் இன்று பருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காரணம் கட்டி இல்லை. மருந்தாக உட்கொண்ட ஸ்டீராய்டுதான். ஆகவே இந்த விஷயத்தில் நாம் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஜாக்கிரதை என்றால் பயம் அல்ல. கோவிட் தொற்றின்போது, பிராணவாயு தேவைப்பட்ட நோயாளிகளுக்கு டெக்ஸாமெதாஸோன் என்ற மலிவான ஸ்டீராய்டு உயிர் காத்தது என்று 2020-ல் இங்கிலாந்தில் நடந்த பெரிய சோதனை நிரூபித்தது. தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். ஆனால் மறு வருஷம் நம் நாட்டில் தேவையற்றவர்களுக்கும், தேவைக்கு அதிகமான நாட்களுக்கும் அது கொடுக்கப்பட்டபோது, சர்க்கரை ஏறி, கறுப்புப் பூஞ்சை நோய் எத்தனை பேரை வாட்டியது! மருந்து ஒன்றுதான், கை வேறு.

அளவைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு: நம் உடல் ஒரு நாளில் சுரக்கும் கார்ட்டிஸால், ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் மாத்திரைக்குச் சமம். கடுமையான ஆஸ்துமா வந்தவருக்கு டாக்டர் 40 மில்லிகிராம் கொடுத்தால் அது எட்டு மடங்கு! ஐந்தாறு நாள் என்றால் உடல் தாங்கிக்கொள்ளும். மாதக் கணக்கில் போனால்தான் பசி, பருமன், சர்க்கரை, எலும்புத் தேய்வு, கண் புரை எல்லாம் வரிசையாக வருகின்றன. ஆஸ்துமாக்காரர்கள் இழுக்கும் இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டோ மைக்ரோகிராம் கணக்கு. மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ‘இன்ஹேலர் பிடித்தால் குழந்தை ஊதிவிடும்’ என்று பயந்து அதை ஒளித்து வைத்துவிட்டு, பிறகு மூச்சுத் திணறி மாத்திரையில் போய் நிற்பது எவ்வளவு தவறு! இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினால் போதும்.

செய்யத் தகாதவை சில உண்டு. பழைய மருந்துச் சீட்டைக் காட்டி, டாக்டரைப் பார்க்காமலே மறுபடி மறுபடி மாத்திரை வாங்கக் கூடாது. மூட்டு வலி ‘ஒரே நாளில்’ பறந்துவிடும் என்று பெயரும் விலாசமும் இல்லாமல் கொடுக்கப்படும் பொட்டலங்களை நம்பக் கூடாது. அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல தடவை பிடிபட்டிருக்கிறது. முகம் சிவப்பாக வேண்டும் என்று ஸ்டீராய்டுக் களிம்பைத் தடவுவதும் வேண்டாம். தோல் மெலிந்து, முகமே புண்ணாகிப் போனவர்கள் ஏராளம். சர்க்கார் 2018-ல் இத்தகைய களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியதும் அதனால்தான்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. சில வாரங்கள் தொடர்ந்து சாப்பிட்ட மாத்திரையை, ‘குண்டாகிறேன்’ என்ற கோபத்தில் சட்டென்று நிறுத்தவே கூடாது! வெளியிலிருந்து சமையல்காரர் வந்து சமைத்துப் போடும்போது, வீட்டு அடுப்பு அணைந்து கிடக்கும் அல்லவா? அதுபோல அட்ரினல் சுரப்பி தூங்கிப் போயிருக்கும். சமையல்காரரை ஒரே நாளில் அனுப்பிவிட்டால் அன்று வீடு பட்டினி. வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் விழுதல் என்று உயிருக்கே ஆபத்து வரலாம். டாக்டர் சொல்லுகிறபடி, சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

செய்யத் தக்கவையும் உண்டு. தினம் ஒரு வேளை என்று டாக்டர் சொல்லியிருந்தால், மாத்திரையைக் காலை ஆகாரத்துக்குப் பிறகு சாப்பிடுவது நல்லது. உடலின் சொந்தக் கடிகாரத்தோடு அது ஒத்துப் போகும், ராத்திரித் தூக்கமும் கெடாது. சர்க்கரையைக் காலை வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையக் கூடாது. காலையில் சாப்பிட்ட ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றுவது பிற்பகலிலும் மாலையிலும்தான். ஊறுகாய், அப்பளம், வடாம் மூன்றையும் சற்றுத் தள்ளி வையுங்கள். ஸ்டீராய்டு உடலில் உப்பையும் நீரையும் தேக்கும். நாலு மணிப் பசி வரும் என்று முன்கூட்டியே தெரியுமாதலால், சுண்டலோ முளைகட்டின பயறோ வெள்ளரிக்காயோ தயாராக இருக்கட்டும். பசி வந்த பிறகு யோசித்தால் பஜ்ஜிதான் ஜெயிக்கும்! சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளின் ஆகாரத்தை மட்டும் நாமாகக் குறைக்காமல், ஆஸ்பத்திரியில் கேட்டுச் செய்ய வேண்டும்.

எந்த மாத்திரையும் சாப்பிடாமலே முகம் வட்டமாகி, வயிறு பருத்து, கை கால் மெலிந்து, வயிற்றிலும் தொடையிலும் விரல் அகலத்துக்குக் கருஞ்சிவப்புக் கோடுகள் தோன்றி, மாடிப்படி ஏறத் தொடை வலுவில்லாமல் போனால், பத்தியத்தை நம்பிக் காலம் கடத்தாமல் டாக்டரிடம் போக வேண்டும். அந்த அபூர்வ வியாதியைக் கண்டுபிடிக்கப் பரிசோதனைகள் இருக்கின்றன, சிகிச்சையும் இருக்கிறது.

நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை போகிறவர்களைப் பார்க்கும்போது மனதுக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. நடை நல்லது, அளவான சாப்பாடு நல்லது, ஏழு மணி நேரத் தூக்கம் அதைவிட நல்லது. ஆனால் அந்த ஏழு மணி நேரத்தை ஒரு பெண் தானாகவே சம்பாதித்துக்கொள்ள முடியாது. காலைத் தண்ணீரை யாராவது பிடிக்க வேண்டும். இரவுப் பாத்திரத்தை யாராவது கவிழ்க்க வேண்டும். ஆகவே அடுத்த முறை, “வாயைக் கட்டத் தெரியவில்லை” என்று தீர்ப்புச் சொல்ல எழும் நீதிபதிகள், அதற்கு முன் இரண்டே கேள்விகளைக் கேட்கட்டும்: “அம்மா, நீ என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்? நேற்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாய்?”

பதிலைக் கேட்ட பிறகும் தீர்ப்புச் சொல்லும் தைரியம் இருந்தால், சொல்லட்டும்!